நிலைக்கதவு இருந்த இடம்

மூன்று மணிக்கு ஊதவேண்டிய சைரன் இன்னும் ஊதவில்லை. தணிகாசலம் மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கூடத்தின் நடுவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒன்றுமில்லை. எதிரே இரும்புச் சுரங்க மலையில் டம்பர் லாரிகள் உறுமும் சத்தம்கூட இல்லை. அப்படியென்றால் ஆட்களைக் கீழே இறக்கிவிட்டார்கள், குழிகளுக்குள் வெடிமருந்து போட்டாகிவிட்டது, வெடிக்கப் போகிறார்கள். பிறகு ஏன் வெடிக்கவில்லை? அந்த மலையை ஆயுள் முழுக்க ஷவல் இயந்திரத்தை வைத்து அள்ளி அள்ளிக் கொட்டியவருக்கு இதுகூடத் தெரியாதா என்ன, தெரியும், வெடிக்கு நேரம் தவறினால் ஒன்று யாராவது பெரிய அதிகாரி வந்திருப்பான், இல்லை ஒரு மாடு எல்லைக்கொடியைத் தாண்டி உள்ளே போய் மேய்ந்துகொண்டிருக்கும். ஒரு தடவை ஒரு எருமைக்காக லால்பகாட் ஊர் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. இன்றைக்குப் பார்த்தா அந்த எருமை வரவேண்டும்? நாளைக்கு வரட்டும், மந்தையாகவே வரட்டும், யார் வேண்டாம் என்றது. வீடு பார்க்க வருகிறவர்களை நாலு மணிக்கு வாருங்கள் என்று அவர் சொன்னதே இதற்காகத்தான். மூன்றுக்கு வெடி. அரை மணியில் தூசி அடங்கிவிடும். ஜன்னல் விளிம்பை ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, முகம் கழுவி, திருநீறு வைத்துக்கொண்டு, வெடி என்றால் என்னவென்றே தெரியாத ஊரின் கண்ணியமான வீட்டுக்காரர் மாதிரி வாசலில் போய் நிற்கலாம் என்று திட்டம் போட்டிருந்தார். போன மாதம் வந்த பாங்க்காரர் குடும்பம் சரியாக மூன்று மணிக்கு வந்து தொலைத்தது. அந்த அம்மாள் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள், தரை காலடியில் ஒரு தரம் நழுவித் திரும்ப வந்தது, அவ்வளவுதான், 'ராம் ராம்' என்று அலறிக்கொண்டு ஓடியவள் ஜீப்பில் ஏறித்தான் நின்றாள். ஒரு செருப்பை விட்டுவிட்டுப் போய்விட்டாள். தங்க நிறப் பட்டி வைத்த செருப்பு. அதற்காகவாவது திரும்பி வருவாள் என்று அவர் அதைத் துடைத்துப் புதுச் செருப்பலமாரியில் வைத்திருந்தார். அவள் வரவில்லை.

இந்தப் புதுச் செருப்பலமாரி, இந்தப் பளபளத் தரை, இழுத்தால் நகரும் இந்த ஜன்னல், எல்லாம் மகன் பிரேம்நாத்தின் கைங்கரியம். சென்னையிலிருந்து இரண்டு நாள் ரயிலில் வந்து, ஊர்க்கோடியில் அப்பா கட்டிய வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்து, மேஸ்திரியிடம் பேசி, திரும்ப ரயிலேறிவிட்டான். மழைக்காலம் முழுக்க இடித்தார்கள், பூசினார்கள், இழைத்தார்கள். தணிகாசலம் பின்கட்டு அறைக்குக் குடிபெயர்ந்தார். முன்பு விறகும் பழைய டயரும் கிடந்த அறை அது, இப்போது அதற்கும் வெள்ளையடித்து ஒரு கட்டில் போட்டாயிற்று. வேலை முடிந்ததும் பிரேம் வீட்டை நெட்டில் போட்டான். 'முழுவதும் புதுப்பிக்கப்பட்ட குடும்ப வீடு, வாடகைக்கு, அமைதியான சுரங்க நகரம்.' அமைதியான என்ற சொல்லைப் படித்தபோது தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே படங்கள். கூடம், சமையலறை, குளியலறை, கூடம், மறுபடியும் கூடம். தன்னுடைய பிரம்பு நாற்காலி எங்கே என்று அவர் ஒவ்வொரு படமாக விரலால் பெரிதாக்கித் தேடினார். படம் எடுப்பதற்கு முன் அதை மேஸ்திரி வெளியே தூக்கி வைத்திருக்கிறான். நாற்காலி இல்லாத கூடம் நன்றாகத்தான் இருந்தது, அதுதான் கஷ்டமாக இருந்தது. பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. வீட்டுக்குள் நுழைந்தால் யாரோ ஒருவருடைய புதுமனை புகுவிழாவுக்குச் சீக்கிரமாக வந்துவிட்ட ஆள் போல அவருக்குக் கூச்சமாக இருக்கிறது. சுவரைத் தொட்டால் கை வழுக்குகிறது. முன்பு எந்தச் சுவரைத் தொட்டாலும் விரலில் சிவப்பு ஒட்டும். இந்த ஊரில் ஒட்டாதது எது, இரும்புத் தூள் காற்றிலேயே வருகிறது, வேட்டி சிவப்பு, தலையணை சிவப்பு, இட்லித் துணி சிவப்பு. மனைவி நவநீதம் கல்யாணமாகி வந்த முதல் வாரம் ஒரு வெள்ளைப் பாவாடையைத் துவைத்துக் காயப்போட்டாள், எடுக்கும்போது அது செங்கல் நிறமாக இருந்தது, உட்கார்ந்து அழுதாள். பாவாடைக்கா அழுதாள்? அப்போது பாவாடைக்கென்றுதான் நினைத்தார்.

இன்றைக்கு வருகிற குடும்பமும் அமையவில்லை என்றால் காண்ட்ராக்டருக்குக் கொடுத்துவிடுவேன் என்று பிரேம் சொல்லியிருந்தான். காண்ட்ராக்டர் என்றால் ஒரு அறைக்கு ஆறு பேர், கூடத்தில் எட்டுப் பேர், சுவரெல்லாம் ஆணி, ராத்திரி முழுக்கச் சீட்டு. அவர்கள் பின்கட்டையும் கேட்பார்கள், சமையல்காரனுக்கு. அப்புறம் இவர் எங்கே போவது, சென்னைக்குத்தான். ஏழாவது மாடி. கீழே பார்த்தால் தலை சுற்றும், மேலே பார்த்தால் இன்னொருத்தர் வீட்டுத் தரை. மருமகள் ஷோபனா நல்ல பெண்தான், குறை சொல்லக் கூடாது, ஒரு கப் காபியை டீப்பாயில் வைத்துவிட்டு 'மாமா காபி' என்று சொல்லிவிட்டு மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள், அதற்குமேல் அவள்தான் என்ன செய்வாள் பாவம். போன தடவை ஒரு மாதம் இருந்தார். மூன்று மணி ஆனால் அங்கே ஒன்றும் நடக்காது. மூன்று மணி வரும், போகும், நாலு மணி வரும். அந்த ஒரு மாதமும் மத்தியான வேளையில் அவருடைய உடம்பு எதற்கோ தயாராகி நின்று, ஒன்றும் வராமல், ஏமாந்து உட்கார்ந்தது. அதனால்தான் இந்தக் குடும்பம் அமைய வேண்டும். பெயர்கூட நன்றாக இருக்கிறது, இம்மானுவேல், சுரங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற சர்வேயர், நாசரேத் பக்கம். மனைவி பெயர் பியூலா. தமிழ்க் குடும்பம்! லால்பகாட்டில் இன்றைக்குத் தமிழ்க் குடும்பம் கிடைப்பது என்ன லேசான காரியமா. ஒரு காலத்தில் முருகன் கோயில் பங்குனி உத்திரத்துக்கு அண்டா அண்டாவாகப் புளியோதரை கிண்டுவார்கள், இப்போது கோயிலைத் திறந்து விளக்குப் போடுவது ஒரு பிஹாரிப் பையன், 'முர்கன் ஜி' என்கிறான். எல்லாரும் ரிட்டையர் ஆகி ஊருக்குப் போனார்கள், பிள்ளைகளிடம் போனார்கள், சிலர் நேராகவே போய்ச் சேர்ந்தார்கள். இவர்கள் மட்டும் முன்வீட்டுக்கு வந்துவிட்டால் போதும். அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்றெல்லாம் இல்லை, பேச்சு எதற்கு. சுவருக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டால் போதும். 'ஏங்க, துண்டு எங்க போட்டீங்க' என்று தமிழில் ஒரு சத்தம். குழாயில் தண்ணீர் விழும் சத்தம். பின்கட்டில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம்.

ஆனால் சைரன் ஊத வேண்டுமே. மலைக்கு மேலே மேகம் கருப்பாக இறங்கியிருந்தது. இடியா? இடி என்றால் வெடியை முன்னால்கூடப் போடுவார்களே தவிரத் தள்ளிப் போடமாட்டார்கள். எருமைதான். தணிகாசலம் தரையைப் பார்த்தார். எங்கே நிற்கிறோம் என்று பார்த்தார். அதே இடம். வீடு முழுக்க நடந்தாலும் கால் கடைசியில் இங்கேதான் கொண்டுவந்து விடுகிறது. இங்கேதான் நிலைக்கதவு இருந்தது. கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில், இந்தக் காட்டு சால மரத்தில், ஒரு கை அகலத்துக்கு நிலை. பிரேம் சுவரோடு அதைத் தூக்கிவிட்டு இரண்டு அறையையும் ஒன்றாக்கிவிட்டான். 'ஓப்பன் ஹால்ப்பா, இப்ப எல்லாரும் இதான் கேக்குறாங்க.' மேலே இரும்பு உத்தரம் கொடுத்திருக்கிறது, வீட்டுக்கு ஒன்றும் ஆகாது, மேஸ்திரி கெட்டிக்காரன். நிலை பின்னால் தண்ணீர்த்தொட்டியோரம் சாய்ந்து கிடக்கிறது, கோழிகள் அதற்குள் புகுந்து புகுந்து போகின்றன. இந்த வரிசை வீடுகளில் எல்லாம் ஒரு பழக்கம் உண்டு. முதல் சைரனுக்கு அடுப்பை அணை, அலமாரி விளிம்பில் இருக்கிற பாத்திரத்தைக் கீழே எடுத்து வை. இரண்டாவது சைரனுக்கு வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் உள்நிலைக்குக் கீழே வந்து நில். சுவர் விழுந்தாலும் நிலை விழாது என்று ஊரில் முதலில் வீடு கட்டின யாரோ சொல்லி வைத்தது. அப்புறம் மூன்றாவது சைரன், அதுதான் போகலாம் என்கிற சைரன். அது ஊதும்வரை யாரும் நகரக் கூடாது, வெடிக்காத குழி ஏதாவது மிச்சமிருந்தால் தாமதமாகக் கிளம்பும். மூன்றாவது சைரன் சில நாள் உடனே ஊதும், சில நாள் சோறு ஆறிப்போகிற வரைக்கும் ஊதாது. யார் யாரோடு சண்டையில் இருந்தாலும் சரி, அந்த நேரத்துக்கு ஒரே நிலைக்கு அடியில்தான் நின்றாக வேண்டும். காலை ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்து அவர் கைகழுவுவதற்கும் சைரனுக்கும் சரியாக இருக்கும்.

அவரும் நவநீதமும் பேசிக்கொள்ளாமல் இருந்த ஒரு நெடுங்காலம் உண்டு. இந்த வீட்டை வைத்துத்தான். ரிட்டையர் ஆனால் கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், ஊருக்குப் போய்விடலாம், அரக்கோணத்துப் பக்கம் ஒரு கிரவுண்டு வாங்கலாம் என்று அவள் கனவு கண்டுகொண்டிருக்க, இவர் ரிட்டையர் ஆவதற்குச் சில வருஷம் முன்னாலேயே ஒரு நாள் வந்து 'இங்கியே இடம் வாங்கிட்டன்' என்றார். ஏன் அப்படிச் செய்தார் என்று இன்றுவரை அவருக்கே சரியாகத் தெரியாது. அந்த மலையை விட்டு எங்கே போவது என்று இருந்தது, அவ்வளவுதான். "உன் மலைய நீயே கட்டிக்கினு அழு" என்றாள். அதோடு பேச்சு நின்றது. வீடு எழும்பியது, பால் காய்ச்சினார்கள், பேச்சில்லை. தட்டு வரும், சோறு வரும், பேச்சு வராது. ஆனால் இரண்டாவது சைரன் ஊதினால் அவள் வந்துவிடுவாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தோள் படாமல், நிலையின் ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டு நிற்பாள். இவர் மறு ஓரம். நடுவில் ஒரு ஆள் போகலாம். அப்புறம் மலை வெடிக்கும். வெடித்தவுடன் அவள் கை வரும், அவளைக் கேட்காமலேயே வரும், வந்து இவருடைய பனியனை இடுப்போரத்தில் கொத்தாகப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது சைரன் வரைக்கும் பிடித்துக்கொண்டிருக்கும். ஊதியதும் விட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல, அடுப்பைப் பற்றவைக்கப் போவாள். மூன்றாவது சைரன் தாமதமாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டு நின்ற ஆள் இந்த ஊரிலேயே அவர் ஒருத்தராகத்தான் இருந்திருப்பார். வெட்கம் கெட்ட மனுஷன். எல்லாப் பனியனும் ஒரே பக்கமாகத்தான் தொங்கிப்போயிருந்தன. பேச்சு பிறகு எப்போது திரும்ப வந்தது, எந்த வார்த்தையில் வந்தது என்பதெல்லாம் மறந்துபோயிற்று, பிடி மட்டும் இடுப்பிலேயே இருக்கிறது. அவள் கண்ணை மூடியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வெடி கிடையாது. அதை யோசிக்கக் கூடாது. வேறு ஏதாவது யோசிக்கலாம்.

டிக்கெட். அதையா யோசிப்பது? பதினைந்தாம் தேதிக்குப் பிரேம் டிக்கெட் போட்டிருக்கிறான், கண் ஆஸ்பத்திரியில் காட்டுவதற்கு. இடது கண்ணில் புரை. அதெல்லாம் சரி, பிள்ளை என்றால் அக்கறை இருக்கத்தானே செய்யும். வர்ற டிக்கெட் எப்போ என்று கேட்டார். 'அப்புறம் போட்டுக்கலாம்ப்பா.' அப்புறம் என்றால் எப்போது, ஆபரேஷன் ஆனதும், கட்டுப் பிரித்ததும், டாக்டர் சொன்னதும். நியாயம்தான். தேதி தெரியாமல் எப்படிப் போடுவது? முன்னால் எல்லாம் போக வரச் சேர்த்துத்தான் போடுவான். முன்னால் கண் ஆபரேஷன் இல்லையே. அதுதானே பார்த்தேன். நேற்றுகூட போனில் எவ்வளவு பிரியமாகப் பேசினான். 'வர்றவங்க ரொம்ப நல்லவங்கப்பா. எல்லாம் நான் பேசி முடிச்சிட்டேன். நீங்க சும்மா வீட்டக் காட்டினாப் போதும். எதுவும் பேச வேணாம்.' எதுவும் பேச வேண்டாம் என்றால் வெடியைப் பற்றிப் பேச வேண்டாம் என்று அர்த்தம், அது அவருக்குத் தெரியாதா. அப்புறம் போட்டுக்கலாம். இரண்டு வாரத்தில் கண் சரியாகிவிடும், அதற்குள் இவர்கள் வந்து சாமானை இறக்கியிருப்பார்கள், இவர் திரும்பி வரும்போது வாசலில் கோலம்… கிறிஸ்தவர்கள், கோலம் போடமாட்டார்கள். போகட்டும், டிசம்பரில் நட்சத்திரம் கட்டுவார்கள். சிவப்புக் காகித நட்சத்திரம், உள்ளே பல்பு. அது போதும். ஆனால் அவர்கள் குடிவந்த பிறகு தினம் மூன்று மணிக்கு அவர் எங்கே நிற்பது? இது ராத்திரிகளில் அவரைப் பிடித்துக்கொண்டிருக்கிற கேள்வி. பின்கட்டு அறைக்கு இருப்பது தகரக் கதவு, நிலை என்று சொல்ல ஒன்றுமில்லை. வீடு காலியாக இருக்கிறவரை இங்கே வந்து, இல்லாத நிலைக்கு அடியில் நின்றுகொள்கிறார், யார் பார்க்கப் போகிறார்கள். நாளைக்கு இன்னொருத்தர் கூடம் இது. கதவைத் தட்டி, 'அம்மா, கொஞ்சம் உங்க ஹால் நடுவுல நின்னுட்டுப் போறன்' என்று கேட்க முடியுமா, பைத்தியம் என்றல்லவா நினைப்பார்கள். நினைக்கட்டும். இல்லை, நினைக்கக் கூடாது. முதலில் வரட்டும்.

வாசலில் வண்டிச் சத்தம். தணிகாசலம் திடுக்கிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார், நாலு. திருநீறு வைக்கவில்லை, முகம் கழுவவில்லை, வெடி வெடிக்கவில்லை. செருப்பலமாரியைத் திறந்து அந்தத் தங்கப் பட்டிச் செருப்பை எடுத்து எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் மூலைத் துடைப்பத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டு ஓடினார். இம்மானுவேல் ஒல்லியாக, வெயிலில் காய்ந்த கழுத்தோடு, ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு நின்றான். பின்னால் அந்தப் பெண். வந்து இறங்கியதுமே செருப்பைக் கழற்றி, நேராக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, "உள்ள வரலாமா அங்கிள்?" என்றாள். ஐந்து மாதமோ ஆறு மாதமோ, துப்பட்டாவை வயிற்றின்மேல் விரித்துப் போட்டிருந்தாள். குழந்தை! பிரேம் இதைச் சொல்லவே இல்லையே. குக்கர் விசில் என்று அற்பமாகக் கேட்டுக்கொண்டிருந்தேனே, தொட்டிலே வருகிறது! அடுத்த கணமே தரையைப் பார்த்தார். குழந்தை உண்டாகியிருக்கிற பெண், தரை நழுவினால் என்ன ஆவாள், கடவுளே, எருமை நன்றாக மேயட்டும், இன்றைக்கு முழுக்க மேயட்டும், இவர்கள் பார்த்துவிட்டுப் போகும்வரை ஒருத்தனும் அதை விரட்டக் கூடாது. வாம்மா, வாம்மா, மெதுவா வா, தரை வழுக்கும் என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தார். சமையலறையைக் காட்டினார். குழாயைத் திறந்து காட்டினார், மூடிக் காட்டினார். அவள் மேடையைக் கையால் தடவி, "உயரம் சரியா இருக்கு என்ன?" என்று புருஷனிடம் கேட்டாள். என்ன என்று முடிகிற அந்தத் தென்கோடிப் பேச்சு அவர் காதில் தேனாக விழுந்தது.

அப்போது முதல் சைரன் ஊதியது. தணிகாசலம் சத்தத்தை உயர்த்திப் பேசினார். தண்ணி நல்ல தண்ணிம்மா, மலை ஊத்துத் தண்ணி, இரும்புச் சத்து, பிள்ளைத்தாச்சிக்கு ரொம்ப நல்லது என்று சைரனுக்கு மேலே கத்தினார். சைரன் விடாமல் நீண்டது, அவரும் விடாமல் கத்தினார், ஊத்து எங்கே புறப்படுகிறது, எந்த வருஷக் கோடையிலும் வற்றியதில்லை, எல்லாம் சொன்னார். இம்மானுவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தான், அவர் விடவில்லை. கை மட்டும் அவர் பேச்சைக் கேட்காமல் மேடை விளிம்பிலிருந்த எவர்சில்வர் சொம்பை எடுத்துத் தரையில் வைத்தது. பியூலா அதைப் பார்த்தாள். குளியலறையைப் பாக்கலாமா என்றார். கூடத்தைப் பாருங்க, ரொம்பப் பெரிசு, ஓப்பன் ஹாலு, இப்ப எல்லாரும் இதான் கேக்கறாங்க. எப்படியாவது இந்தப் பெண்ணை வெளியே வாசலுக்குக் கொண்டுபோய்விட வேண்டும், இல்லை, வாசலில் கல் வந்து விழலாம், உள்ளேதான் பத்திரம், இவளிடம் சொல்லிவிடலாமா, சொன்னால் ஓடிவிடுவாளே, சொல்லாமல் இருந்தால் பயந்து கீழே விழுந்துவிட்டால்? ஓடினால் ஓடட்டும், சொல்லிவிடு, சொல்லித் தொலை. இரண்டாவது சைரன் விட்டு விட்டு ஊதத் தொடங்கியது. அதற்குமேல் அவர் கையில் ஒன்றுமில்லை. கால்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தின் நடுவில், அந்த வெற்றுத் தரையில் நிறுத்தின. முதுகு ஒரு பக்கமாக, மரம் இருந்த பக்கமாக, ஒடுங்கியது. வலது பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டது. பழக்கத்தில் வாய் கூப்பிட்டது. "நவநீ, வா, வந்து நில்லு."

அந்தப் பெண் வந்தாள். வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நடந்து வந்து, அவர் விட்டிருந்த இடத்தில், மிகச் சரியாக அந்த இடத்தில் நின்றாள். இம்மானுவேலும் பின்னால் வந்து நின்றுகொண்டான். மலை வெடித்தது. முதலில் தரை, அப்புறம் சத்தம், அப்புறம் காற்று. புது ஜன்னல்கள் தடத்தில் கடகடவென்று ஆடின. மேஸ்திரியின் புதுக் கூரையிலிருந்து மெல்லிசாக வெள்ளைத் தூள் ஒன்று இறங்கி மூன்று பேர் தலையிலும் உட்கார்ந்தது. தணிகாசலம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். இடுப்போரத்தில் பிடி விழவில்லை. அதற்காகக் காத்திருந்துவிட்டுக் கண்ணைத் திறந்தார். பியூலா அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பயந்துட்டீங்களா அங்கிள்?" என்றாள்.

"நீ பயப்படலியாம்மா?"

"எங்க அம்மா வீட்டுக்குப் பக்கத்துலதான் கல்குவாரி. சின்னப்புள்ளையில இருந்து வேட்டுச் சத்தத்துலதான் வளந்தேன். இவங்களுக்குத்தான் தலைய வலிக்கும்." புருஷனைக் காட்டினாள்.

"சைரன் ஊதும்போதே சொல்ல வந்தேன் சார், ரெண்டாவது பெஞ்சு வெடிக்குழியில கொஞ்சம் தண்ணி எறங்கிருச்சு, அதான் இன்னிக்கு லேட்டு. நீங்க தண்ணியப் பத்தியே பேசிட்டு இருந்தீங்க" என்றான் அவன்.

தணிகாசலத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எருமை இல்லை, தண்ணீர்! சர்வேயரிடமா வெடியை மறைக்கப் பார்த்தேன், அந்தக் குழிக்கு அளவெடுத்துக் கொடுத்தவனே இவன்தானே. நவநீதம் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது, புரை விழுந்த கண்ணில் கொஞ்சம் அதிகமாகவே வந்தது. ஓடவில்லை, இவள் ஓடவில்லை, செருப்பு ஜோடியாக வாசலில் இருக்கிறது. இங்கேயே நிற்கிறாள். நாளைக்கும் மூன்று மணிக்கு இவளே கதவைத் திறந்து, அங்கிள் வாங்க என்பாள். தூக்கிப்போட்ட நிலையைக்கூட மறுபடி வைக்கச் சொல்லலாம். இல்லை, எதற்கு, இப்படியே இருக்கட்டும், மூன்று பேர் நிற்க இப்படித்தான் வசதி.

"வீடு ரொம்பப் பிடிச்சிருக்கு அங்கிள். நாங்க வந்துருதோம்" என்றாள் பியூலா. "அந்தப் பின்பக்க ரூம ஒரு தடவ பாத்துக்கிடட்டுமா? எங்க அம்மா பேறுகாலத்துக்கு வாராங்க, அவங்களுக்குப் படியெல்லாம் ஏற முடியாது, தனி ரூம் இருக்குன்னு பிரேம் அண்ணன் சொன்னதுமே நான் முடிவு பண்ணிட்டேன். பதினஞ்சாம் தேதிக்கு மேல அது காலியாயிரும்னு சொன்னாங்க. நீங்க மெட்ராஸ்ல அண்ணன் கூடவே போயி இருக்கப் போறீங்களாமே. அப்பாவ இனிமே தனியா விடமாட்டேன்னு அவ்வளவு சந்தோஷமாச் சொன்னாங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். நல்ல முகம். ஒரு சூதும் இல்லாத முகம். தலையில் வெள்ளைத் தூள் இன்னும் இருந்தது, அதை ஊதிவிட வேண்டும் போலிருந்தது. அப்புறம் போட்டுக்கலாம்ப்பா. எல்லாம் நான் பேசி முடிச்சிட்டேன். எதுவும் பேச வேணாம். பிள்ளை பொய் சொல்லவில்லை, ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. வெடியைத்தான் மறைக்கச் சொன்னான் என்று தானாக நினைத்துக்கொண்டு, இல்லாத எருமையை வேண்டிக்கொண்டு நின்றது யார்? படத்தில் நாற்காலி இல்லாததைப் பார்த்துவிட்டு மேஸ்திரிமேல் பழியைப் போட்டது யார்? நவநீதத்திடம் ஒரு நாள் 'இங்கியே இடம் வாங்கிட்டன்' என்று வந்து நின்றாரே, அன்றைக்கு அவள் முகம் எப்படி இருந்தது என்பது இத்தனை வருஷம் ஞாபகத்துக்கு வராமல் இருந்தது, இப்போது வந்தது. இப்போது தன் முகம் இருக்கிற மாதிரித்தான் இருந்தது.

"ஆமாம்மா" என்றார். "அந்த ரூமும் சேத்துதான். காத்து நல்லா வரும். அம்மாவுக்கு வசதியா இருக்கும்."

"அப்ப பாத்துருவோமா?" என்று அவள் காலை எடுத்துவைத்தாள்.

"நில்லும்மா, நில்லு" என்றார் அவசரமாக. "மூணாவது சைரன் இன்னும் ஊதல. அது ஊதற வரைக்கும் யாரும் இங்க இருந்து நகரக் கூடாது. எங்க வீட்டுல அப்படித்தான்."

அவள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, சொன்ன பேச்சுக் கேட்கும் பள்ளிக்கூடப் பெண்ணைப் போல நின்றாள். இம்மானுவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். வெளியே மலைக்கு மேல் சிவப்புத் தூசி எழும்பி மேகத்தோடு கலந்து மெதுவாக இந்தப் பக்கம் திரும்பியது. தொட்டியோரம் கோழிகள் மறுபடி கத்தத் தொடங்கின. தாமதமாக வரட்டும் என்று அவர் வேண்டிக்கொண்டார். வெடிக்காத குழி ஒன்று இருக்கட்டும், அதைத் தேடிக்கொண்டு போகட்டும், விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் தேடட்டும். இரண்டு பேர் மூச்சுவிடும் சத்தம் பக்கத்தில் கேட்டது. அந்தப் பெண் துப்பட்டாவைச் சரிசெய்தபோது அது அவருடைய சட்டையில் உரசியது. அவர் அசையாமல் நின்றார்.

சைரன் ஊதியது. சுருக்கமாக ஊதி ஓய்ந்தது. பியூலா அவரைத் தாண்டிப் பின்பக்கம் நடந்தாள், புருஷன் கூடவே போனான். பாதி வழியில் திரும்பிப் பார்த்தாள்.

"அங்கிள், நீங்க வரலியா?"

"நீங்க போய்ப் பாருங்கம்மா" என்றார் தணிகாசலம், நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு. "கதவு திறந்துதான் இருக்கு."